பழைய சொகுசு கார்: கியர்பாக்ஸின் பெயர் தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

புதுக் கிரெட்டாவுக்கு ஒதுக்கிய பணத்தில் ஏழெட்டு வயதான பிஎம்டபிள்யூவோ பென்ஸோ வாங்கிவிடலாம் என்பது பெங்களூரில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். விளம்பரத்தைப் பார்த்ததும் வீட்டில் ஒரு பஞ்சாயத்து ஆரம்பிக்கும். "ஆட்டோமேட்டிக் கெட்டுப்போனா செலவு தாங்காது, மேனுவலா பாரு" என்று ஒருவர் சொல்வார். "தினமும் மாரத்தஹள்ளி போறவன் மேனுவல் வாங்குவானா?" என்று இன்னொருவர் கேட்பார். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே இந்த வகைக் கார்களுக்குப் பாதிதான் பொருந்தும்.

'ஆட்டோமேட்டிக்' என்று ஒரே சொல்லில் நாம் அழைப்பது நான்கு வெவ்வேறு இயந்திரங்களை. அவற்றில் ஒன்று இதே நெரிசலில் சலிக்காமல் ஓடும், இன்னொன்று இதே நெரிசலில் வெந்துபோகும். மேனுவல் பக்கமும் சிக்கல் உண்டு. சொகுசுக் காரின் கிளட்ச், ஸ்விஃப்ட்டின் கிளட்ச் போன்ற எளிய சாமான் கிடையாது. ஆகவே முதலில் தெரிய வேண்டியது கியர்பாக்ஸ் பெட்டியின் பெயர். அடுத்து, அதன் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்பது. மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்ற கேள்விக்கு அதற்குப் பிறகு பாதி விடை தானாகவே கிடைத்துவிடும்.

மேனுவல் கிடைக்கிறதா என்பதே முதல் கேள்வி

இந்தியாவில் விற்ற ஜெர்மன் சொகுசுக் கார்களில் மிகப் பெரும்பாலானவை ஆட்டோமேட்டிக். 3 சீரீஸ், சி கிளாஸ், ஏ4 ஆகியவற்றில் மேனுவல் வேண்டும் என்று தேடினால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆடி நிறுவனம் 2013-இல் க்யூ3 காரில் மேனுவல் டீசல் ஒன்றைக் குறைந்த விலையில் விட்டது. அது இன்றும் எப்போதாவது சந்தைக்கு வருகிறது. பிஎம்டபிள்யூ எம்2, சில போர்ஷேக்கள் மேனுவலில் கிடைத்தாலும் அவை ஆசைக்கு வாங்கும் வண்டிகள், அவற்றின் கணக்கு வேறு.

உண்மையில் தேர்வுக்கு இடம் இருப்பது ஒரு படி கீழே. ஸ்கோடா சூப்பர்ப், ஆக்டேவியா, பழைய ஹோண்டா அக்கார்ட், டொயோட்டா கேம்ரி போன்றவற்றில் ஒரே காரின் இரண்டு வடிவங்களும் பழைய சந்தையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். மேனுவல் கார் பெரும்பாலும் விலை குறைவாகவே வரும், ஏனென்றால் இந்த ஊரில் வாங்க வருபவர் முதலில் கேட்பதே "ஆட்டோமேட்டிக்தானே?" என்பதுதான். வாங்கும்போது கிடைத்த அந்தத் தள்ளுபடியை நீங்கள் விற்கும்போது திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஒரு சொல், நான்கு பெட்டிகள்

1. டார்க் கன்வெர்ட்டர். இன்ஜினுக்கும் கியர்களுக்கும் நடுவே எண்ணெய் நிரம்பிய கூடு ஒன்று இருக்கும். இன்ஜின் பக்கச் சக்கரம் எண்ணெயை வீச, அந்த வீச்சில் கியர் பக்கச் சக்கரம் சுழலும். வண்டி வேகம் பிடித்ததும் உள்ளே லாக்-அப் கிளட்ச் ஒன்று இரண்டையும் பூட்டிவிடும். இந்த வகையில் இப்போது அதிகம் பேசப்படுவது ஸெட்எஃப் நிறுவனத்தின் 8எச்பி. 2009-இல் பிஎம்டபிள்யூ 7 சீரீஸில் அறிமுகமானது. எஃப்30 தலைமுறை 3 சீரீஸ், ஜாகுவார் எக்ஸ்எஃப் எனப் பல கார்களில் இதுதான் இருக்கிறது. மெர்சிடிஸ் தானே செய்யும் 7ஜி-ட்ரானிக், 9ஜி-ட்ரானிக் பெட்டிகளும் இதே வகைதான்.

2. இரட்டைக் கிளட்ச், எண்ணெயில் நனைந்தது. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. இரண்டும் எண்ணெயில் குளித்துக்கொண்டே வேலை செய்யும். ஸ்கோடா 2.0 டீசல்களில் வந்த 6 வேக டிக்யூ250, ஆடி க்யூ5-இல் வந்த 7 வேக எஸ்-ட்ரானிக், மெர்சிடிஸ் ஏ கிளாஸ், சிஎல்ஏ வகையில் வந்த 7ஜி-டிசிடி ஆகியவை இந்த இனம்.

3. இரட்டைக் கிளட்ச், உலர்ந்தது. அமைப்பு மேலே சொன்னதுதான். ஆனால் கிளட்ச் தகடுகள் மேனுவல் காரில் இருப்பதுபோல் காற்றில் நிற்கும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 7 வேக டிக்யூ200 இதற்கு உதாரணம். ஆக்டேவியா, சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐ பெட்ரோல் ஆட்டோமேட்டிக்குகளில் இருப்பது இதுவே.

4. சிவிடி. படிப்படியான கியர்கள் இல்லாமல், இரண்டு கூம்புச் சக்கரங்களுக்கு நடுவே பட்டையோ சங்கிலியோ ஓடும். ஆடி இதை மல்டிட்ரானிக் என்று அழைத்தது. பி8 தலைமுறை ஏ4-இன் முன்சக்கர இயக்க மாடல்களில் இது வந்தது, பிறகு ஆடியே கைவிட்டுவிட்டது.

விளம்பரத்தில் நான்குமே 'ஏ.டி.' என்ற இரண்டு எழுத்தாகத்தான் இருக்கும். பேட்ஜை வைத்து முடிவு செய்யவும் முடியாது. க்யூ5-இலும் க்யூ7-இலும் ஆடியின் நான்கு வளையம்தான் ஒட்டியிருக்கிறது. க்யூ5 டீசலில் இரட்டைக் கிளட்ச், க்யூ7-இல் டார்க் கன்வெர்ட்டர். எக்ஸ்1-இல் இன்னும் வேடிக்கை. பழைய தலைமுறையில் இன்ஜின் நீளவாட்டில் இருந்தது, ஸெட்எஃப் பெட்டி பொருந்தியது. 2016-இல் வந்த அடுத்த தலைமுறையில் இன்ஜினைக் குறுக்கே வைத்தார்கள். அந்த டீசலில் உட்கார்ந்தது ஐசின் நிறுவனத்தின் 8 வேகப் பெட்டி.

சரியான பெயரைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி கார்களில் டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழிக்குள் ஒரு காகித ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சர்வீஸ் புத்தகத்திலும் அதன் நகல் உண்டு. அதில் இன்ஜின் எழுத்துகளை அடுத்து வரும் மூன்று எழுத்துகள்தான் கியர்பாக்ஸின் அடையாளம். மெர்சிடிஸில் சேஸி எண்ணைக் கொண்டு டேட்டா கார்டை எடுத்தால், 427 என்ற குறி 7ஜி-ட்ரானிக்கையும் 421 என்ற குறி 9ஜி-ட்ரானிக்கையும் குறிக்கும். பிஎம்டபிள்யூவுக்கும் சேஸி எண் போதும்.

ஓடோமீட்டர் காட்டாத வேலை

டாம்டாம் நிறுவனத்தின் 2024 போக்குவரத்துக் கணக்கில் பெங்களூரில் 10 கி.மீ. கடக்க ஆகும் சராசரி நேரம் 34 நிமிடம் 10 விநாடி. அதாவது மணிக்கு 17.5 கி.மீ. சொச்சம்.

இந்த எண்ணைக் கியர்பாக்ஸின் கண்ணோடு பாருங்கள். ஊருக்குள்ளேயே 60,000 கி.மீ. ஓடிய கார் ஏறக்குறைய 3,400 மணி நேரம் உழைத்திருக்கிறது. சேலத்துக்கும் சென்னைக்கும் சராசரி 60 கி.மீ. வேகத்தில் போய்வந்த கார் அதே 60,000 கி.மீ.க்கு 1,000 மணி நேரம்தான் உழைத்தது. மீட்டரில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதல் கார் ஏறக்குறைய மூன்றரை மடங்கு வேலை பார்த்திருக்கிறது, அதுவும் கியர்பாக்ஸுக்குப் பிடிக்காத வேலை: நகர், நில், நகர், நில்.

வண்டி ஊரும்போது யாராவது ஒருவர் வழுக்கியே ஆக வேண்டும். இன்ஜின் ஐடிலில் நிமிஷத்துக்கு 700, 800 சுற்று சுற்றுகிறது. சக்கரமோ நடந்துபோகிற வேகத்தில் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை நடுவில் இருப்பது எதுவோ அதுதான் விழுங்க வேண்டும், விழுங்கியது வெப்பமாக வெளியே வரும்.

டார்க் கன்வெர்ட்டரில் வழுக்குவது எண்ணெய். எண்ணெய் சூடானால் குளிர்விக்க வழி இருக்கிறது, கெட்டால் மாற்றிவிடலாம். நனைந்த இரட்டைக் கிளட்சில் வழுக்குவது தகடு, ஆனால் அதைச் சுற்றி ஏறக்குறைய 7 லிட்டர் எண்ணெய் ஓடி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. உலர்ந்த கிளட்சிலும் மேனுவலிலும் வழுக்குவது உராய்வுத் தகடு மட்டும்தான், துணைக்கு யாரும் இல்லை. அந்தத் தகட்டின் ஆயுள் பெரும்பாலும் ஓட்டுபவரின் காலில் இருக்கிறது.

டிக்யூ200: கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்

இந்தியப் பழைய சந்தையில் அதிகம் புழங்குவதும் அதிகம் திட்டு வாங்குவதும் இந்தப் பெட்டிதான். திட்டில் நியாயம் உண்டு, மிகையும் உண்டு.

2016 சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐ விவரப் பட்டியலில் ஒரு விசித்திரம் இருக்கிறது. இன்ஜின் ஒன்றுதான், 180 குதிரைத்திறன். மேனுவலில் டார்க் (முறுக்கு விசை) 320 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கில் 250. விலை அதிகமான காருக்கு இழுவை குறைவு! காரணம் எளிது. டிக்யூ200-இன் தாங்கும் எல்லையே 250 நியூட்டன் மீட்டர்தான். பெட்டியைக் காப்பாற்ற இன்ஜினின் கையைக் கட்டினார்கள். இந்தக் காரில் யாராவது வெளியே கொடுத்து இன்ஜின் மென்பொருளை மாற்றி 'ரீமேப்' செய்திருந்தால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட காரை எந்த விலைக்கும் தொடாமல் இருப்பது நல்லது.

இதில் கெடுபவை முக்கியமாக இரண்டு.

முதலாவது கிளட்ச் ஜோடி. 1, 3, 5, 7 ஒரு கிளட்சிலும், 2, 4, 6, ரிவர்ஸ் மற்றதிலும். ஒவ்வொரு முறை நகரத் தொடங்கும்போதும் முதல் கியருக்கான கிளட்ச்தான் அடிவாங்கும். தேய்ந்தால் நகரும்போதும், ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போதும் ஒரு நடுக்கம் வரும்.

இரண்டாவது மெக்கட்ரானிக். கியரை மாற்றும் மூளையும் கையும் சேர்ந்த பாகம் இது. இதற்கென்று தனியாக 1 லிட்டர் அளவு எண்ணெய், ஒரு சின்ன பம்ப், அழுத்தத்தைச் சேமிக்கும் உருளை ஒன்று. அந்த உருளைக்குள் 40 முதல் 60 பார் வரை அழுத்தம் நிற்கும், கார் டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய 20 மடங்கு. உருளையைப் பிடித்திருக்கும் அலுமினிய இருக்கை விரிசல் விட்டால் எண்ணெய் முழுக்கக் கசிந்துவிடும். முதல் நாள் வரை நன்றாக ஓடிய கார் மறுநாள் காலை கியர் குறியை மின்னவிட்டபடி நகராமல் நிற்கும். காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பி17பிஎஃப் என்ற கோளாறு கோட் வரும். முன்னறிவிப்பு பெரும்பாலும் இருக்காது என்பதுதான் இதன் கொடுமை.

ஃபோக்ஸ்வாகன் 2013 மார்ச்சில் சீனாவில் 3,84,181 கார்களை இந்தக் குடும்பப் பெட்டிக்காகத் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களில் சிந்தெடிக் எண்ணெயை எடுத்துவிட்டு மினரல் எண்ணெய் ஊற்றியது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களில் பழைய எண்ணெய் மின்கோளாறை உண்டாக்கியது என்பது காரணம். 2013-க்கு முந்தைய காரைப் பார்க்கிறீர்கள் என்றால், சேஸி எண்ணைக் கொடுத்து அந்த வேலை முடிந்ததா என்று சர்வீஸ் சென்டரில் விசாரிக்கலாம்.

சரி, இதை வாங்கவே கூடாதா? ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு வந்துபோகிறவருக்குப் பெரிய தொல்லை வராது. சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைத் தினமும் இரண்டு முறை கடப்பவருக்கு அபாயம் அதிகம். ஓட்டும் விதமும் ஆயுளை மாற்றும். முதல் கியரில் மணிக்கு ஏழெட்டு கி.மீ. வேகத்துக்குக் கீழே கிளட்ச் முழுதாகப் பிடிக்காது. அதனால் முன்னால் போகும் காரின் பின்னாலேயே ஊர்ந்துகொண்டிருக்காமல் ஒரு கார் அளவு இடம் விடுங்கள், பிறகு ஒரே மூச்சில் நகர்ந்து பிரேக்கை அழுத்தி முழுதாக நில்லுங்கள். பிரேக் அழுந்தியிருக்கும்போது கிளட்ச் விலகி இளைப்பாறும். பெங்களூரில் அந்த ஒரு கார் இடத்தில் இரண்டு ஆட்டோ நுழையும் என்பது வேறு விஷயம்.

மேனுவல் என்றால் செலவு குறைவு என்ற நம்பிக்கை

சின்னக் காரில் கிளட்ச் மாற்றுவது ஒரு நாள் வேலை. சொகுசுக் காரில் கிளட்சுக்குப் பின்னால் டூயல் மாஸ் ஃப்ளைவீல் என்ற பாரம் ஒன்று இருக்கிறது. ஒரே தட்டாக இருக்க வேண்டிய ஃப்ளைவீலை இரண்டாகப் பிளந்து, நடுவே வளைந்த ஸ்பிரிங்குகளை வைத்திருப்பார்கள். டீசல் இன்ஜினின் அதிர்வு கேபினுக்கு வராமல் இவை விழுங்கும். ஸ்பிரிங்குகள் களைத்துப்போனால் ஐடிலில் கடகடவென்ற சத்தம் வரும், இன்ஜினை அணைக்கும்போது ஓர் உதறல் வரும். கிளட்ச் மிதியை அழுத்தினால் சத்தம் மாறும் அல்லது நின்றுபோகும்.

இதோடு மூன்றாவது பாகம் ஒன்றும் உண்டு. பல கார்களில் கிளட்சை விலக்கும் ரிலீஸ் பேரிங்கும் அதைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரும் ஒரே உருப்படியாகக் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே இருக்கும். அது கசிந்தால் மிதி உள்ளே அமுங்கி மேலே வராது. மூன்றில் எது கெட்டாலும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். அதனால்தான் விவரம் தெரிந்த மெக்கானிக் மூன்றையும் சேர்த்து மாற்றச் சொல்வார். கிளட்ச் தகட்டை மட்டும் மாற்றிப் பணத்தை மிச்சம் பிடித்தவர்கள், ஆறு மாதத்தில் ஃப்ளைவீலுக்காக அதே இறக்குக்கூலியை இன்னொரு முறை கொடுப்பது வழக்கம். ஜேசி ரோடு உதிரிபாகக் கடையில் கேட்கும்போதே மூன்றுக்கும் சேர்த்து விலை கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிக்யூ200, டிக்யூ250 இரண்டிலும்கூட இந்த டூயல் மாஸ் ஃப்ளைவீல் உண்டு. டார்க் கன்வெர்ட்டர் கார்களில் அதன் வேலையைக் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் அதிர்வடக்கி (டாம்பர்) பார்த்துக்கொள்ளும்.

இத்தனைக்குப் பிறகும் மேனுவலுக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. கெடும்போது சொல்லிக்கொண்டு கெடும். கிளட்ச் பிடிமானம் மாதக்கணக்கில் மெல்லக் குறையும், சத்தம் மெல்லக் கூடும். எலக்ட்ரானிக் மூளை கிடையாது என்பதால் ஒரு நல்ல லோக்கல் கராஜே முழு வேலையையும் முடித்துவிடும். பில் எவ்வளவு வரும் என்பதை முன்கூட்டியே ஊகிக்கலாம். டிரைவர் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டும் பழக்கம் உள்ளவரிடம் சாவியைக் கொடுத்தால் இந்தப் பலம் முழுக்க அடிபட்டுப்போகும்.

'லைஃப்டைம் ஆயில்' என்றால் யாருடைய ஆயுள்?

பிஎம்டபிள்யூ தன் ஆட்டோமேட்டிக் பெட்டிகளில் ஆயுள் முழுக்க ஒரே எண்ணெய் போதும் என்ற நிலைப்பாட்டையே நெடுங்காலமாக வைத்திருந்தது. அந்தப் பெட்டியைச் செய்த ஸெட்எஃப் நிறுவனமோ, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவர் பேச்சைக் கேட்பதே புத்திசாலித்தனம். பெங்களூர் மணிக்கணக்கைப் பார்த்தால் 80,000-க்கும் முன்பே மாற்றலாம். டிக்யூ250 பெட்டிக்கு நிறுவனமே 60,000 கி.மீ. என்று எழுதி வைத்திருக்கிறது. அதைத் தவறவிட்ட கார் என்றால் விலையில் குறைத்துக் கேட்க நியாயம் உண்டு.

8எச்பி எண்ணெய் மாற்றும் வேலை சரியாக நடந்ததா என்று பில்லைப் பார்த்தே சொல்லிவிடலாம்:

1. கீழே இருக்கும் எண்ணெய்த் தட்டு பிளாஸ்டிக். ஃபில்டர் அதற்குள்ளேயே ஒட்டியிருக்கும். அதனால் தட்டை மாற்றாமல் ஃபில்டரை மாற்ற முடியாது. பில்லில் தட்டு இல்லை என்றால் ஃபில்டரும் மாறவில்லை.
2. வடித்தால் எல்லா எண்ணெயும் வராது. கன்வெர்ட்டருக்குள் ஒரு பகுதி தங்கிவிடும். பில்லில் 2, 3 லிட்டர் மட்டும் இருந்தால் அது வெறும் கண்துடைப்பு. ஸெட்எஃப் தரும் கிட்டில் 7 லிட்டர் வரும்.
3. அளவு பார்க்க டிப்ஸ்டிக் கிடையாது. காரைச் சமமாகத் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டு, கியர்பாக்ஸ் எண்ணெயின் வெப்பம் 40 டிகிரி அளவில் இருக்கும்போது நிரப்புத் துளையிலிருந்து மெல்லிய தாரையாக வழிந்தால் அதுதான் சரியான அளவு. வெப்பத்தை ஸ்கேனரில் பார்க்க வேண்டும். ரொம்பச் சூடாக இருக்கும்போது பார்த்தால் விரிந்த எண்ணெய் கூடுதலாக வழிந்து, ஆறிய பிறகு குறைந்து நிற்கும். ஸ்கேனர் இல்லாமல் இந்த வேலையைச் செய்யும் கராஜில் காரை விடாதீர்கள்.

எண்ணெய் மாற்றும் செலவு ஐந்திலக்கத்தில் முடியும். அதைச் செய்யாமல் விட்டால் வரும் செலவு ஆறிலக்கம். முந்தைய உரிமையாளர் இதைச் செய்யவில்லை என்றால், வாங்கிய முதல் மாதத்திலேயே செய்துவிட வேண்டும். ஆனால் நடுக்கமோ வழுக்கலோ ஏற்கெனவே தொடங்கிவிட்ட பெட்டிக்குப் புது எண்ணெய் மருந்தாகாது. "ஆயில் மாத்தினா சரியாயிடும் சார்" என்று விற்பவர் சொன்னால், மாற்றிச் சரிசெய்து காட்டட்டும், பிறகு விலை பேசலாம்.

மெர்சிடிஸில் கவனிக்க வேண்டியது கொஞ்சம் வேறு. 7ஜி-ட்ரானிக்கின் கட்டுப்பாட்டுப் பலகை கியர்பாக்ஸுக்குள்ளே எண்ணெயில் மூழ்கியே இருக்கும், வேக சென்சார்களும் அதன்மேல்தான். சென்சார் போனால் பலகையோடுதான் போகும். கார் ஒரே கியரில் மாட்டிக்கொண்டு ஊரும். அதற்கு முந்தைய 5 வேகப் பெட்டியில் சிக்கல் இதைவிட அற்பமானது. ஒயர் உள்ளே போகும் பிளக்கின் ரப்பர் வளையம் காய்ந்துவிட்டால், எண்ணெய் ஒயருக்குள்ளேயே ஏறிப்போய்க் கட்டுப்பாட்டுப் பெட்டியை நனைத்துவிடும். அந்தப் பிளக்கைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

ஓட்டிப் பார்க்கும்போது

அரை மணி நேரத்துக்குக் குறைவான டெஸ்ட் டிரைவ் கியர்பாக்ஸைப் பற்றி எதுவும் சொல்லாது. வரிசையாக இப்படிச் செய்யலாம்.

1. "வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள், அல்லது அந்தக் காரை உங்களுக்கு முன்னால் ஒருவர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லலாம்.

2. நகர்த்துவதற்கு முன்பே ஸ்கேனர் போடுங்கள். ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்கு விசிடிஎஸ், பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, மெர்சிடிஸுக்கு ஸென்ட்ரி. கோட் எதுவுமே இல்லை என்றால் உடனே மகிழ வேண்டாம். கார் தானே செய்துகொள்ளும் எமிஷன் சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால் நேற்றுத்தான் யாரோ எல்லாக் கோட்களையும் அழித்திருக்கிறார்கள். பிஎம்டபிள்யூவில் வேறு மாட்யூல்களில் பதிவான கி.மீ.யும் தெரியும், மீட்டரோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

3. பிரேக்கை மிதித்தபடி பார்க், ரிவர்ஸ், டிரைவ் என்று நிதானமாக மாற்றுங்கள். ஒரு விநாடிக்குள் மெதுவாகப் பிடிக்க வேண்டும். இரண்டு விநாடி யோசித்தாலோ, 'டங்' என்று இடித்தாலோ குறித்துக்கொள்ளுங்கள்.

4. ஆக்சிலரேட்டரைத் தொடாமல் பத்து நிமிடம் ஊருங்கள். சிவாஜிநகர் சந்துகள் இதற்கென்றே வெட்டியவை. இரட்டைக் கிளட்ச் கார் என்றால் நடுக்கம் இங்கேதான் வெளிப்படும்.

5. டொம்ளூர் மேம்பாலம் போன்ற ஓர் ஏற்றத்தில், பின்னால் வண்டி இல்லாதபோது நிறுத்தி எடுங்கள். மேனுவலில் கருகிய வாசனை வருகிறதா, ஆட்டோமேட்டிக்கில் பின்னால் உருண்டு பிறகு துள்ளுகிறதா என்று பாருங்கள்.

6. ஓசூர் ரோட்டில் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறத்தாழ 10 கி.மீ. தடையில்லாமல் ஓடும். அங்கே 60 முதல் 80 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மட்டும் வைத்துச் சீராகப் போங்கள். டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் தேய்ந்திருந்தால், ரோட்டில் எச்சரிக்கைக் கோடுகள்மேல் ஏறியதுபோல் ஓர் அதிர்வு வந்து போகும். ரோடு மோசம் என்று விற்பவர் சொல்வார். ஆக்சிலரேட்டரை எடுத்ததும் அதிர்வு நின்றால் குற்றம் ரோட்டினுடையது இல்லை.

7. மேனுவலாக இருந்தால் அதே இடத்தில் ஐந்தாவது கியரில் 1,500 சுற்றிலிருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். சுற்று விர்ரென்று ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. முதல் கியரில் சோதித்தால் இது தெரியாது.

8. திரும்பி வந்ததும் மூன்றாவது படியை மறுபடி செய்யுங்கள். எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது ஒளிந்திருக்கும் கசிவும் அழுத்தக் குறைவும் சூட்டில்தான் தெரியும். இந்தக் கடைசிப் படியைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள்.

டெல்லி எண் கொண்ட டீசல் கார் மலிவாக வந்தால் காரணம் தெரிந்ததுதான். தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசலுக்கு விதிக்கப்பட்ட தடையால் அவை தெற்கே விற்கப்பட்டன. தடையில்லாச் சான்றும் கர்நாடக ஆயுள் வரியும் சேர்த்த பிறகு விலை மலிவுதானா என்று பாருங்கள். அந்தக் கார் ஓடியதும் இன்னொரு நெரிசல் ஊரில்தான்.

யாருக்கு எது

தினமும் அவுட்டர் ரிங் ரோடு, ஹெப்பாள், சில்க் போர்டு என்று போகிறவர்களுக்கு டார்க் கன்வெர்ட்டர்தான். எஃப்30 3 சீரீஸோ 9ஜி வந்த சி கிளாஸோ, எண்ணெய் மாற்றிய பில்லோடு கிடைத்தால் யோசிக்க வேண்டியதில்லை. நனைந்த இரட்டைக் கிளட்ச் இரண்டாம் இடம். உலர்ந்த கிளட்சும் மல்டிட்ரானிக்கும் இந்த வழித்தடத்துக்கு வேண்டாம். பத்து வயது கடந்த மல்டிட்ரானிக்கைத் திறந்து வேலை பார்க்கத் தெரிந்த கைகளும் குறைவு.

வாரநாளில் மெட்ரோவிலோ வீட்டிலோ வேலையை முடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை இரவு அத்திப்பள்ளி தாண்டி ஊருக்குப் போவதற்காக மட்டும் கார் வைத்திருப்பவருக்கு மேனுவல் சூப்பர்ப் அருமையான வண்டி. தொப்பூர் இறக்கத்தில் மூன்றாவது கியரில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்கிலும் லீவரை மேனுவல் முறைக்குத் தள்ளி இதைச் செய்யலாம், செய்யவும் வேண்டும். அந்த இறக்கத்தை முழுக்க டிரைவிலேயே பிரேக் பிடித்து இறங்குபவர்களின் சக்கரத்திலிருந்து வரும் வாசனை பின்னால் வருகிறவருக்குத் தெரியும்.

வருடத்துக்கு 5,000 கி.மீ.கூட ஓட்டாதவர், பெட்டி எந்த வகை என்பதைவிடக் காரின் வயதைப் பார்க்க வேண்டும். ரப்பர் சீல்களும் எண்ணெயும் நிற்கும்போதும் முதுமையடையும்.

கெட்ட பிறகு: குஜ்ரி (பழைய சாமான் சந்தை) பாகங்கள்

ஆட்டோமேட்டிக் கார் வழியில் நின்றால் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. இன்ஜின் ஓடாதபோது பெட்டிக்குள் எண்ணெய் பம்ப் ஓடாது. சக்கரம் மட்டும் சுழன்றால் உள்ளே வறண்டு தேயும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் ஃபிளாட்பெட் வண்டியைத்தான் கூப்பிட வேண்டும்.

அடுத்து வரும் ஆசை, சிவாஜிநகர் குஜ்ரியில் பழைய மெக்கட்ரானிக் தேடுவது. விபத்தில் சிக்கிய காரிலிருந்து கழற்றியது என்பார்கள், விலையும் புதியதில் ஒரு பகுதிதான் இருக்கும். மேனுவல் கியர்பாக்ஸுக்கு இந்த வழி நன்றாகவே வேலை செய்யும், எழுத்துக் குறி ஒத்துப்போனால் போதும். மெர்சிடிஸ் 7ஜி கட்டுப்பாட்டுப் பலகையில் அப்படி நடக்காது. அது திருட்டைத் தடுக்கும் பாகங்களின் பட்டியலில் இருக்கிறது. முதலில் பொருத்திய காரோடு தன்னைப் பூட்டிக்கொள்ளும். இன்னொரு காரில் வைத்தால் ஸ்டார்ட் ஆகவே விடாது. பழைய அடையாளத்தை அழித்து மறுபடி எழுதத் தெரிந்த ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் போனால், வேலை முடிந்து கார் நகர்ந்த பிறகே பணம் என்று பேசிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பலகையையும் கேட்டு வாங்கி வையுங்கள். புதிதாக வைத்தது படுத்துவிட்டால், பழுதுபார்ப்பவர் தரவை எடுக்க அதைத்தான் கேட்பார்.